உப்பு கூட்டிப்போன தண்ணீர்

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க அண்ணாச்சி?"

"அரை லிட்டரு."

"அதுக்கு மேல?"

"மேல ஒரு சொட்டு கிடையாது."

கடைசிப் பதிலைச் சொன்னது ஆவுடையப்பன் இல்லை, அவர் மனைவி சண்முகக்கனி. சொன்னதோடு நிற்காமல் அடுப்படிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து நூருன்னிஷாவின் முன்னால் வைத்தாள். பாட்டிலின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஐந்து கோடுகள் போட்டிருந்தன.

"இது காலையில. இது மாத்திரைக்கு. இது மத்தியானம். ரசம் ஊத்தினா அதையும் இதுல கழிச்சிருவேன். டாக்டர் என்ன சொன்னாகளோ அதான்."

"காபி?"

"அதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. இவுக கேக்கவும் மாட்டாக. எத்தனை பேருக்கு வரும் இந்தக் கட்டுப்பாடு, சொல்லுங்க?"

ஆவுடையப்பன் பாட்டிலைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

நூருன்னிஷா வந்திருந்தது அந்த பெல்ட்டுக்காகத்தான். அதற்குள் ஓடும் எண்ணெய் அவள் செய்தது. எட்டு வருட வேலை. சிறுநீரகம் செத்துப்போனவர்கள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மருத்துவமனை நாற்காலியில் ஊசியோடு கட்டுண்டு கிடக்க வேண்டாம். இதைக் கட்டிக்கொண்டு நடமாடலாம். ரத்தத்தில் கூடிப்போன உப்புகளை எண்ணெய் எடுத்துக்கொள்ளும். கூடுதல் தண்ணீரை எடுக்கத் தனியாக ஒரு வடிகட்டி உண்டு. அது நாளுக்கு அரை லிட்டர் எடுக்கும். அதனால் குடிப்பதும் அரை லிட்டர். எண்ணெய் டப்பாவைத் தினமும் காலையில் மாற்றி, பழையதைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துவிட்டால், கம்பெனி ஆள் வந்து எடுத்துப்போவார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் ஆறு பேருக்குச் சோதனையாக இந்த பெல்ட்டைக் கட்டிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு பேரில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் மயக்கம். ஜெபசெல்வி என்ற நூலகர், முப்பது வயது, நேற்று பேச்சுக் குழறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள். எண்ணெய் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது என்று ஆய்வை நடத்தும் டாக்டர் கிரகோரி சந்தேகப்பட்டார். அளவுக்கு மேல் குடித்தால் பெல்ட்டுக்குள் அழுத்தம் கூடும், அதனால் கசிகிறது என்பது அவர் முடிவு. நான்கு பேருக்கும் தண்ணீரை முந்நூறு மில்லியாகக் குறைத்துவிட்டார். அவர்களுடைய எடை இறங்கிக்கொண்டே போனதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். பழைய வீக்கம் வடிகிறது என்றார்.

நன்றாக இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தேவசகாயம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்னொருவர், இருபத்தேழு வருடம் வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போட்ட ஆவுடையப்பன்.

"உங்க ரெண்டு பேரை மாதிரி இருங்கன்னுதான் டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்றார், அண்ணாச்சி."

"நம்மளையா?"

"ஜெபசெல்விகிட்ட நேத்துகூட சொன்னார். சிலிண்டர் தூக்கின மனுஷனுக்கு இருக்கிற கட்டுப்பாடு படிச்ச உனக்கு இல்லையேன்னு."

"அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?"

"மருந்து மூடியில அளந்து அளந்துதான் குடிக்கிறேன் சார்னு அழுதா. அவர் நம்பல."

சண்முகக்கனி உச்சுக் கொட்டினாள். "பாவம். ஆசை யாரை விட்டுது."

ஆவுடையப்பன் சட்டென்று எழுந்து தெர்மோகோல் பெட்டியைத் திறந்தார். ஒரு கையில் அன்று காலை கழற்றிய டப்பா, மறுகையில் நாளைக்கான புது டப்பா. இரண்டையும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டினார்.

"எம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வரும்போது லேசா வருது. போகும்போது ஏன் இப்படிக் கனமாப் போகுது?"

"உப்பு ஏறியிருக்கும்ல அண்ணாச்சி."

"எவ்வளவு உப்பு?"

"பத்து கிராம். மிஞ்சினா பன்னிரண்டு."

"அப்ப இது உப்பு இல்ல. இதுல முந்நூத்தி எழுவது, எம்பது கிராம் கூட இருக்கு."

நூருன்னிஷா சிரித்துவிட்டாள். சண்முகக்கனி சிரிக்கவில்லை.

"இவுக கையி சொன்னா சரியா இருக்கும். சிலிண்டரை ஒரு தூக்குத் தூக்கிப் பாத்துட்டு, இதுல நானூறு கிராம் குறையுதுன்னு ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பினவுக. அங்க மெஷின்ல வச்சுப் பாத்தா நானூத்திப் பத்து."

"தெருமுனையில கடை இருக்கு. தராசு இருக்கு," என்றார் ஆவுடையப்பன்.

கடைக்காரர் பருப்புப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு டப்பாக்களை வாங்கினார்.

"என்ன அண்ணாச்சி, எண்ணெய் யாவாரத்துல இறங்கிட்டியளா?"

"ஆமாவே. இடுப்புல செக்கு ஓடுதுல்லா."

புது டப்பா தொள்ளாயிரத்துப் பதினைந்து. பழையது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.

"இன்னொரு தடவை வைங்க," என்றாள் நூருன்னிஷா.

மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் அதே முந்நூற்று எழுபத்தைந்து. அவள் தராசின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்க வந்த பெண் ஒருத்தி, "நீங்க வாங்குதியளா, நிக்கியளா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க ஒருநாளும் இதை நிறுத்துப் பாக்கலையா தாயி?"

"கம்பெனிக்கு வந்ததும் திறந்து சூடு பண்ணி வத்த வைப்போம். வத்தினாத்தான் உப்பை எண்ண முடியும். அதுக்கு அப்புறம் துல்லியமா எண்ணுவோம்."

"வத்திப் போச்சே, அதை?"

"எண்ணல."

சொல்லிவிட்டு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணெயில தண்ணி சேராதுன்னுல்லா சொல்லுவாக?"

"தனியாப் போனா சேராது. உப்போட போனா சேரும். அண்ணாச்சி, கல்யாணத்துக்கு ஒருத்தருக்குப் பத்திரிகை வைக்கிறீங்க. ஒருத்தரா வருவார்?"

"எங்க பக்கம் வேன் பிடிச்சு வருவானுவ."

"அதேதான். தண்ணியில கரைஞ்ச உப்பு தனியா நிக்காது. ஒவ்வொரு துகளையும் சுத்தி நாலஞ்சு தண்ணித் துகள் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். என் எண்ணெய் உப்பை மட்டும்தான் வான்னு கூப்பிடுது. ஆனா உப்பு கூட நிக்கிறதை உதறிட்டு வராது. அதுலயும் சோடியம் இருக்கே, ஆள் சின்னது, பிடி இறுக்கம். பொட்டாசியம் ஆள் பெரிசு. பாதிப் பேரை வாசல்லயே விட்டுட்டு வந்துரும்."

"சின்ன ஆளுக்குத்தான் கூட்டம் அதிகமோ?"

"இங்க அப்படித்தான்."

ஆவுடையப்பனுக்கு அது பிடித்திருந்தது. தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப இது உங்களுக்கு முன்னயே தெரியும்."

"நாலஞ்சுன்னு தெரியும். மொத்தமாக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி. போனாப் போகுதுன்னு விட்டுட்டோம். ஆனா இது முந்நூத்தி எழுபது. எப்படி?" அவள் தனக்குள் பேசுவதுபோலப் பேசினாள். "லேப்ல ஒரு மணி நேரம் குலுக்கிப் பாத்தோம். இங்க நாள் பூரா சுத்துது. வந்த நாலஞ்சும் சும்மா இருக்கல. இன்னும் பத்தைக் கூப்பிட்டிருக்கு, பத்து நூறைக் கூப்பிட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாத துளியா உள்ள குடியிருக்கு. அதான் எண்ணெய் தெளிவாவே தெரியுது. எவ்வளவு அழகா ஏமாத்தியிருக்கு பாருங்க!"

அந்தக் கணத்தில் அவள் முகம் பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு விடை கண்டுபிடித்த பள்ளிக்கூடப் பெண்ணின் முகம்போல இருந்தது. அடுத்த கணம் அது மாறிவிட்டது.

"அண்ணாச்சி, நாலு பேருக்கும் எண்ணெய் கசியல. அவங்க காய்ஞ்சுபோய்க் கிடக்காங்க. வடிகட்டி அரை லிட்டர் எடுக்குது, எண்ணெய் அதுக்கு மேல ரெண்டு டம்ளர் எடுக்குது. காய்ஞ்சு கிடக்கிறவங்களைப் பாத்து இன்னும் குறை, இன்னும் குறைன்னு சொல்லிட்டு இருக்கோம்."

"அப்ப உடனே போய்ச் சொல்லிருங்க!"

"இன்னிக்கு மூணு மணிக்கு ஆய்வுக் குழு கூடுது. சொல்லுவேன். டாக்டர் என்ன சொல்லுவார் தெரியுமா? டப்பாவுல தண்ணி இருக்கா, இருக்கும், அவங்க திருட்டுத்தனமாக் குடிச்ச தண்ணிதான் அதும்பார். சரி, அடுத்து ஒண்ணு கேப்பார். ஆவுடையப்பன் டப்பாவும் இதே கனம்தானே, அவர் அரை லிட்டர்தானே குடிக்கிறார், அப்ப அவர் ஏன் காயல? அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

கடைக்குள் யாரோ கால் கிலோ உளுந்து கேட்டார்கள். தராசு 'டிங்' என்றது.

"சொன்னா என்ன செய்வாக?" என்றார் ஆவுடையப்பன்.

எதைச் சொன்னால் என்று அவள் கேட்கவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துல பதினோராவது விதி. அளவு மீறினது தெரிஞ்சா அன்னிக்கே பெல்ட்டைக் கழட்டிரணும். அந்த விதியை எழுதினதுல நானும் ஒருத்தி."

"வேற எங்கயும் கிடைக்காதோ?"

"விற்பனைக்கு வர நாலஞ்சு வருஷம் ஆகும்."

"நாலஞ்சு வருஷம்." அவர் தெருவைப் பார்த்தார். "ஊசி நாற்காலில என் பக்கத்துல ஒருத்தர் இருந்தாரு. கல்லிடைக்குறிச்சிக்காரரு. நல்லாப் பேசுவாரு. செவ்வாக்கிழமை பேசிட்டுப் போனவரு வியாழக்கிழமை வரல. அந்த நாற்காலில அன்னிக்கே வேற ஆள் உக்காந்தாச்சு. போன திங்கக்கிழமைதான் தாயி நான் மறுபடி கேஸ் குடோனுக்குப் போனேன். தூக்க வேண்டாம் அண்ணாச்சி, எடை பாத்து அனுப்புங்க போதும்னுட்டாரு முதலாளி. வாரத்துல மூணு நாளு ஊசிக்குப் போறவனை யாரு வேலைக்கு வச்சுக்கிடுவா?"

அவர் பழைய டப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு டம்ளர்," என்றார் அவர். "குடோன்ல குடிக்கேன். வேலைக்குச் சேருததுக்கு முந்தியே அங்க சும்மா பாக்கப் போயிட்டு இருந்தேன், அப்ப இருந்தே."

"ரெண்டுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"ஊசி போடும்போது நர்சு சொல்லிக்குடுத்தது. காலையில எந்திரிச்சதும் முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலை வச்சு அமுக்கணும். குழி விழுந்தா உடம்புல தண்ணி கூடிட்டுன்னு அர்த்தம். பெல்ட்டு கட்டின மூணாம் நாளே குழி விழல. நாலாம் நாளு நாக்கு மேல்அண்ணத்துல ஒட்டிக்கிட்டு. ஒரு டம்ளர் குடிச்சேன். மறுநாள் அமுக்கினேன், விழல. ரெண்டு குடிச்சேன், விழல. மூணு குடிச்சேன், லேசா விழுந்துச்சு. ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்."

நூருன்னிஷா பையிலிருந்து பேனாவை எடுத்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

"நாங்க செய்ய மறந்த சோதனையை நீங்க செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி."

"திருட்டுத்தண்ணி குடிச்சதுக்கு இப்படி ஒரு பேரா?"

"நான் உங்களை வரச் சொல்ல மாட்டேன். டப்பா எடையோட நான் போறேன். நீங்க வர்றதா இருந்தா வாங்க. இல்லைன்னா நமக்குள்ள பேசினது இந்த பெஞ்சோட."



மத்தியானம் சண்முகக்கனி தட்டு வைத்து, பாட்டிலை எடுத்து, மூன்றாவது கோடு வரை டம்ளரில் ஊற்றினாள். கண்ணருகே தூக்கிப் பார்த்து, கொஞ்சம் கூடிவிட்டது என்று திரும்பப் பாட்டிலில் விட்டாள்.

"கனி, நான் குடோன்ல தண்ணி குடிக்கேன்."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "எப்ப இருந்து?"

"பெல்ட்டு கட்டின நாலாம் நாள்ல இருந்து. தினமும் ரெண்டு டம்ளர்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா உங்க கண்ணு முன்னால நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கியளா?"

யோசித்தார். பார்த்த ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை என்பதையும் இதுவரை கவனித்ததில்லை.

"பக்கத்து வீட்டு மதினி அடுப்படில போய் நின்னுக்கிட்டு குடிச்சுட்டு வருவேன். வாயைத் துடைச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன். உங்களுக்கு ஆசை வந்துரக் கூடாதுன்னு. மருமகன் வந்தப்ப வெயில்ல வந்த மனுஷனுக்கு வாசல்ல வச்சுத்தான் தண்ணி குடுத்தேன்."

"தெரியாதுட்டி எனக்கு."

"என்கிட்ட சொல்லியிருந்தா ஆறாவதா ஒரு கோடு போட்டிருப்பேன்."

"டாக்டர்கிட்ட சொல்லியிருவியோன்னு பயந்தேன்."

அவள் அதை நேர்மையாக யோசித்தாள். "சொல்லியிருப்பேன்," என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு எதுக்கு வந்தா? முழுசாச் சொல்லுங்க."

டப்பா, கல்யாணப் பத்திரிகை, வேன் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள். உப்பு குறைச்சுத் தின்னா தண்ணி கம்மியாப் போகுமா என்பது ஒன்று. அந்த நூலகப் பெண்ணுக்குக் குழந்தை உண்டா என்பது மற்றொன்று. முதலாவதுக்குப் போகும் என்றும் இரண்டாவதுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

"சொன்னா மறுபடி ஊசிதானா?"

"ஆமா."

"சொல்லலன்னா அந்தப் புள்ள?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எழுந்துபோய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள்.

குழு கூடிய அறையில் நீள மேசை. டாக்டர் கிரகோரி நடுவில். பக்கத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்த இரண்டு மருத்துவர்கள்; ஒருவர் பெண். ஓரத்தில் நூருன்னிஷா. நோயாளிகள் சார்பில் பேச வரச்சொன்ன தேவசகாயம் கதவருகே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது, மடிப்புக் கலையாத வேட்டி. ஆவுடையப்பனும் சண்முகக்கனியும் உள்ளே வந்தபோது அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"மனசுதான் காரணம், டாக்டர். நாப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. விதின்னா விதி. அதுல சலுகை கேட்டா அப்புறம் அது விதி இல்ல."

"கேட்டீங்களா?" என்றார் கிரகோரி மற்றவர்களைப் பார்த்து. "வாங்க ஆவுடையப்பன், உக்காருங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. நூருன்னிஷா டப்பாவைத் தராசுல வச்சுட்டு ஒரு கதை சொல்லுது. எண்ணெய் தண்ணியைக் குடிக்குதாம். நான் கேக்கிறேன், இவங்க ரெண்டு பேர் டப்பாவும் எண்ணெய்தானே? இவங்க ஏன் நல்லா இருக்காங்க?"

"நான் காயலைங்கய்யா. ஏன்னா நான் குடிச்சேன்."

"என்ன குடிச்சீங்க?"

"தண்ணிதான். தினமும் ரெண்டு டம்ளர் கூட. உங்களுக்கும் தெரியாது, வீட்லயும் தெரியாது."

சண்முகக்கனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரகோரியின் முகம் சிவந்தது. "உங்களைக் காட்டித்தானேய்யா நான் நாலு பேருக்குத் தண்ணியைக் குறைச்சேன்! உங்களை நம்பி!" கத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் சொன்ன வாக்கியம் அவருக்கே கேட்டுவிட்டது. மேசைமேல் இருந்த போனை எடுத்தார். "வார்டா? ஜெபசெல்விக்கு சலைன் ஏத்துங்க. ஆமா, தண்ணிதான். நான் சொன்னது தெரியும். இப்ப இதைச் சொல்றேன். உடனே. மத்த மூணு பேருக்கும் போன் போட்டு வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார்.

பெண் மருத்துவர்தான் பேசினார். "பதினோராவது விதி இருக்கு, டாக்டர்."

"தெரியும்."

"இவர் மீறலைன்னா நமக்கு இது தெரிஞ்சே இருக்காது, மேடம்," என்றாள் நூருன்னிஷா.

"ஒத்துக்கிறேன். ஆனா மீறினவரை வச்சுக்கிட்டா நாளைக்கு இந்த ஆய்வை யார் நம்புவாங்க? ஆறு பேர்ல யார் எவ்வளவு குடிச்சாங்கன்னே தெரியாதுன்னு சொல்லி மொத்தத்தையும் மூடிருவாங்க. அப்ப யாருக்கும் பெல்ட் கிடையாது. உங்களுக்கு அது வேணுமா?"

ஆவுடையப்பன்தான் சொன்னார்: "அவுக சொல்லுதது நியாயந்தான். கழட்டிருங்க."

"இன்னொண்ணு இடிக்குது," என்றார் மூன்றாவது மருத்துவர். "இவர் கூடக் குடிச்சதால நல்லா இருக்கார். சரி. தேவசகாயம் சார் அரை லிட்டர்தானே குடிக்கிறார்? அவர் எப்படி நல்லா இருக்கார்?"

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். தேவசகாயம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு ஆள் மாறும்போல," என்றார் கிரகோரி யோசனையோடு. "சிலர்கிட்ட எண்ணெய் அவ்வளவு இழுக்கல. அப்படின்னா எல்லாருக்கும் ரெண்டு டம்ளர் கூட்டுறது ஆபத்து. நுரையீரல்ல நீர் கோத்துக்கும். இப்போதைக்கு ஒரு டம்ளர் கூட்டுவோம். அதுக்கு மேல யாரும் தொடக் கூடாது."

"ஒண்ணு போதாது டாக்டர்," என்றாள் நூருன்னிஷா. "காய்றது நிக்காது. கொஞ்சம் மெதுவாக் காய்வாங்க, அவ்வளவுதான்."

"தேவசகாயம் சார் கண்ணு முன்னால உக்காந்திருக்காரேம்மா. அவரை நான் என்ன செய்ய?"

பெல்ட்டைக் கழற்றும் நர்சுக்காக ஆவுடையப்பன் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். சண்முகக்கனி மறுபடி டயாலிசிஸ் பதிவு செய்ய கவுண்டருக்குப் போயிருந்தாள். எந்த நாற்காலி, எந்த நேரம் என்றெல்லாம் அவள்தான் கேட்டு வருவாள்.

கைத்தடிச் சத்தம் கேட்டது. தேவசகாயம் வந்து பக்கத்தில் நின்றார். வெகுநேரம் எதிர்ச் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் படித்தார்.

"எத்தனைன்னு சொன்னீரு?"

"எது சார்?"

"டம்ளர்."

"ரெண்டு."

தேவசகாயம் குரலை இறக்கினார். "நான் மூணு."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்கூட மெதுவாகத்தான் வந்தது.

"வீட்லயா சார்?"

"வீட்ல மருமக இருக்கா. கோயிலுக்குப் பின்னால ஒரு குழாய் இருக்கு. காலை ஜெபத்துக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு."

"நீங்க என்னைவிட உசரம் சார். மூணு ஆகத்தான் செய்யும்."

"சிரிக்கீரா?"

"இல்ல சார். கணக்குச் சரியா வருதேன்னு பாத்தேன்." ஆவுடையப்பன் சொன்னார்: "உங்களைப் பாத்துட்டுத்தான் அவுக ஒரு டம்ளரோட நிறுத்துதாக."

"தெரியும்வே. உள்ளதான உக்காந்திருந்தேன்." கைத்தடியை மறுகைக்கு மாற்றினார். "எழுவத்தொண்ணு ஆச்சு. அந்த நாற்காலில இனி என்னால உக்கார முடியாது. ஒவ்வொரு தடவையும் ஊசி குத்தும்போது சின்னப் புள்ளையாட்டம் கத்தியிருக்கேன். நான் அடிச்ச பயக்களே அங்க வேலை பாக்கானுவ. அவனுவ முன்னால."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்ல மாட்டீருன்னு தெரியும். அதான் தொல்லை."

வராந்தாவின் அந்தக் கோடியில் அறைக்கதவு திறந்தது. கிரகோரியும் மற்ற இருவரும் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நூருன்னிஷா, ஒரு தட்டில் கத்தரிக்கோலும் பஞ்சுமாக நர்சு. நூருன்னிஷா ஆவுடையப்பன் எதிரில் வந்து நின்றாள்.

"ஜெபசெல்வி எப்படி இருக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒரு பாட்டில் ஏறியிருக்கு. பேரு கேட்டதுக்குச் சரியாச் சொல்லிட்டா."

நர்சு ஆவுடையப்பனின் சட்டையைத் தூக்கி பெல்ட்டின் கொக்கியைத் தேடினாள்.

"நர்சம்மா," என்றார் தேவசகாயம். வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கிரகோரியும் நின்றார். "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும்."

"சார், உங்க அளவு பாட்டில் வீட்ல இருக்கும்ல? அதுக்கு மேல நான் குடுக்கக் கூடாதே."

"அது வேற கணக்கு. இன்னிக்கு அதுக்கு மேல ரெண்டு ஆயாச்சு. இது மூணாவது. தினமும் மூணு." கிரகோரி இருந்த பக்கம் திரும்பாமலே, "எழுதிக்கிடுங்க," என்றார்.

நூருன்னிஷா பேனாவை எடுத்தாள்.

ஆவுடையப்பன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.